இருபது இலக்கங்கள்

வெள்ளம் வடிந்த பிறகுதான் தண்ணீர் நின்றது.
டொங்காட்டில் யாருக்கும் இது புதிராகப் படவில்லை.
சுத்திகரிப்பு நிலையத்தை ஆறு கொண்டுபோய்விட்டது,
எது தன்னுடையது என்று ஆற்றுக்குத் தெரியுமா.

எங்கள் வீட்டில் மட்டும் ஆழ்துளைக் கிணறு.
தோட்டத்துக்கென்று சாக்ரன் போட்டது:
கொத்தமல்லி, பச்சை மிளகாய், நாலு வாழை.
தர்மத்துக்கு அல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
கோயில் கமிட்டி மாலை போட்டதைப் பார்த்தவர்கள்
வேறு மாதிரி சொல்வார்கள்.

பதினோராம் நாள் இரவு
தண்ணீர் லாரிக்காகத் தெருவே வாளிகளோடு நின்றது.
எல்லாப் பேச்சும் ஒரே நேரத்தில் ஓய்ந்த ஒரு நிமிடம்.
அப்போது பார்த்து இவர்
கழிப்பறையில் ஃப்ளஷை அழுத்திவிட்டார்.
அந்தச் சத்தம்
மதிலைத் தாண்டி, மின்வேலியைத் தாண்டி
கரும்புக்காடு வரைக்கும் போயிருக்கும்.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் இவர் தூங்கியிருப்பார்.

விடியுமுன் மதிலைத் துளைத்தார்.
அந்த அதிர்ச்சியில் அலமாரியிலிருந்து
என் மஞ்சள் ஜாடி விழுந்து உடைந்தது.
தெருப்பக்கம் ஒரு பித்தளைக் குழாய்.
பெயர் எழுதவில்லை.
யாரும் எடுக்கலாம் என்றும் எழுதவில்லை.
திறந்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார்,
திருடிவிட்டு வந்தவர் போல.

பக்கத்து வீட்டு மோகம்பரிக்கு
இடது காது கேட்காது என்பது
அந்த வரிசையில்தான் தெரிந்தது.
இருபது வருடமாய்த் திமிர் என்று நினைத்திருந்தேன்.

மேட்டுத் தகரக் கொட்டகைகளிலிருந்து ஸோட்வா வந்தாள்,
முதுகில் பிள்ளை, தலையில் இருபத்தைந்து லிட்டர்.
மூன்றாம் வாரம் வரிசைக்கே அமக்வின்யா பொரித்து விற்றாள்,
என் மாங்காய் ஊறுகாயைத் தொட்டுத் தின்றார்கள்.
இப்போது சந்தையில் அவளுக்கு ஒரு மேசை இருக்கிறது.
அவள் மூத்தவன் சிஃபிசோ
ஆற்றுக்கு நடந்த நேரத்தில்
முதல் மணிக்கே வகுப்பில் இருக்கிறான்,
கணக்கு மட்டும் இன்னும் வரவில்லையாம்.

நான் நல்லவள் இல்லை.
என் ரோஜாப் பாத்தியை மிதித்தபோது
வாயில் வந்ததைத் தமிழிலேயே திட்டினேன்,
இங்கே யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில்.
வரிசையில் யாரோ
தமிழிலேயே சிரித்தார்கள்.

இறைத்த கிணறு ஊறும் என்பார்கள்.
ஊறத்தான் செய்தது.
மோட்டார் கிணறு, மீட்டரையும் சேர்த்து இறைத்தது.
மாதம் ஆயிரத்து இருநூறு ரேண்ட்,
பென்ஷனில் மூன்றில் ஒன்று.
"குழாயை மூடுங்கள்" என்றேன்.
"மூடலாம்" என்றார், "நீ போய் மூடு."

போனேன்.
கையில் பித்தளையின் குளிர்.
பதினேழு வாளிகளை எண்ணிவிட்டுத் திரும்பி வந்தேன்.

இரண்டு நாள் கழித்து கேட்டுக்கடியில் ஒரு சீட்டு,
கடைக் கல்லா துப்பும் மெல்லிய தாள்.
நான்கு நான்காய் இருபது இலக்கங்கள்.
ஐம்பது ரேண்டுக்கு மின்சாரம்.
எங்கள் மீட்டர் எண் சரியாக இருந்தது:
மதிலில் பதித்த பெட்டியை
வரிசையில் நின்றபடி யாரோ படித்திருக்கிறார்கள்.

அப்புறம் முப்பதுக்கு ஒன்று. இருபதுக்கு இரண்டு.
ஒரு வியாழக்கிழமை, வெறும் பத்து.
நான் படிப்பேன், இவர் பொத்தானை அழுத்துவார்.
அந்தப் பத்து ரேண்ட் சீட்டுக்கு மட்டும்
மூன்று தடவை தப்பாக அழுத்தினார்.
கண் சரியில்லை என்றார்.

நகராட்சித் தண்ணீர் திரும்பிவிட்டது,
வாரத்தில் நாலு நாள்.
குழாய் சொட்டுகிறது.
வாஷர் மாற்றவேண்டும் என்று
ஆறு மாதமாகச் சொல்கிறார்.

சீட்டுகளைப் புது மஞ்சள் ஜாடியின் பின்னால் வைத்திருக்கிறேன்.
அந்தத் தாளில் மை நிற்பதில்லை.
யார் கொடுத்தது என்பது முதலிலிருந்தே இல்லை.
எவ்வளவு என்பதும்
இப்போது அழிந்துகொண்டு வருகிறது.