ஐந்து கைதட்டல்

அணுமின் நிலையத்துக் கடிதத்தில்
அந்தச் சொல் வரிக்குள் அடங்கவில்லை.
டீகமி-
ஷனிங்
என்று ஓரத்தில் உடைந்து
ஒரு சின்னக் கோட்டைப் பிடித்துத் தொங்கியது.
மேக்னஸ் ஸ்வானி அந்தக் கோட்டிலேயே நின்றுவிட்டான்.
வெளியே கெய்த்னஸ் காற்று
யார் வீட்டுக் குப்பைத்தொட்டி மூடியையோ
தெரு நெடுக உருட்டிப் போனது.

"கைதட்டிப் பாருப்பா" என்றாள் எஃபி. ஏழு வயது.
பள்ளியில் இந்த வாரம் அதுதான் பாடம்:
நீளமான சொல் வந்தால் மிரளாதே, தட்டு.
டீ. க. மி. ஷ. னிங்.
"மூணாவது தட்டு பலமா. குரல் அங்கதான் படி ஏறுது."
மேசையில் உப்புக் குப்பி குதித்தது.

மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் நான்
கொஞ்சம் பால் கேட்க இறங்கி வந்து
வாசலிலேயே விரல் மடக்கினேன்.
எங்கள் கணக்கில் மூன்றே அசை:
நேர், நிரை, நிரை.
கூவிளங்கனி.
இதில் எங்கே கனி என்று கேட்டால் என்ன சொல்ல?
பேசாமல் பாலை வாங்கிக்கொண்டேன்.

மேக்னஸ் அதைப் பிரித்தான்,
டர்பைனைக் கழற்றி
போல்ட்டுகளை வரிசையாய் வைக்கிற அதே கையால்.
உள்ளே மிஷன்: ஒருவரை ஒன்றுக்காக அனுப்புவது.
முன்னால் ஒரு க ஒட்டினால் கமிஷன்.
எங்கள் ஊரில் அது தரகர் எடுப்பது;
இங்கே, உலையை மூட்டி ஊரிடம் ஒப்படைப்பது.
அத்தனைக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது டீ.
ஓரெழுத்து, ஒரு மிடறு.
கட்டியதைக் கவிழ்க்க அது போதும்.

"வால் ஒண்ணு இருக்கே" என்றாள் வில்மா,
பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து திரும்பாமல்.

இங்.
முடிந்துபோனதற்கு அந்த வால் கிடையாது.
செய்துகொண்டே இருப்பதற்குத்தான்.
இரண்டாம் பக்கத்தைப் புரட்டினான்:
ஆறு மாதத்தில் உலை அணையும்.
பிரித்து, கழுவி, புதைத்து முடிக்க
எண்பத்தேழு வருடம்.
ஆட்கள் தேவை. இப்போதிருப்பவர்களுக்கு முன்னுரிமை.

எஃபி விரல் விட்டுக் கூட்டினாள்.
"அப்ப எனக்குத் தொண்ணூத்தி நாலு."
யாரும் சிரிக்கவில்லை, பிறகு வில்மா சிரித்தாள்.

என் அரிச்சுவடியில் ங
வேலையில்லாத எழுத்து.
ககரத்துக்கு முன்னால்
மூக்கைச் சொறிந்துகொண்டு நிற்கும், அவ்வளவுதான்.
இந்த வீட்டில் அதற்கு உத்தியோகம்.

ஐந்தாவது தட்டுக்குக் கையை ஓங்கியவள்
தட்டாமல்
னிங்ங்ங்ங் என்று இழுத்தாள்,
மூச்சு தீரும்வரை,
தீர்ந்த பிறகும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு.
மேக்னஸ் கடிதத்தை உப்புக் குப்பிக்கு அடியில் வைத்துவிட்டு
இரவு ஷிஃப்டுக்குப் பூட்ஸைத் தேடினான்.
ஒன்று கிடைத்தது.