செருப்புக் காவல்

ஏழு வருஷமாக விளையாட்டு பீரியடில்
எனக்கு வேப்பமரத்தடி.
கபடிக்குப் போகிறவர்கள்
வாட்சு, கொலுசு, பஸ் பாஸ் எல்லாம்
என் மடியில் போட்டுவிட்டு ஓடுவார்கள்.
காலடியில் செருப்புகள்.
தேய்மானம் பார்த்தே ஆளைச் சொல்வேன்.
குதிகால் கரைந்திருந்தால் மெர்சி.
பெருவிரலில் குழி விழுந்திருந்தால் முப்பிடாதி.
என்னுடையது மட்டும்
கடையில் இருந்த மாதிரியே இருக்கும்.

"ஓட்டம் சாட்டம் அவளுக்கு ஆகாது"
அம்மா எழுதிக் கொடுத்த கடுதாசி
ஹெச்.எம். மேசைக் கண்ணாடிக்கடியில்
மஞ்சளாகிக் கிடந்தது.
ஆறு வயதில் வந்த ரத்தப் புற்று
எட்டரை வயதில் போய்விட்டது.
கடுதாசி போகவில்லை.

வைகாசிக் கடைசியில் ஹைகிரவுண்டில்
எக்கோ எடுத்த டாக்டரம்மா
நெஞ்சில் தடவிய பசையைத் துடைக்கப் பஞ்சு தந்துவிட்டு
திரையைப் பார்த்தபடியே கேட்டார்:
"ஓடுவியா?"
நான் அம்மாவைப் பார்த்தேன்.
அம்மா சுவரைப் பார்த்தாள்.
"ஏன் ஓடல?"
மாத்திரைப் பெயர் கேட்டிருந்தால்
பதினான்கும் ஒப்பித்திருப்போம்.
"இதயம் நல்லாத்தான் இருக்கு.
மெதுவா ஆரம்பி. அடுத்த வருஷம் வந்து காட்டு."

பணகுடியில்
ஆடிக் காற்றுக்கு எதிரே ஓடுவது
மூடிய கதவைத் தோளால் தள்ளுவது போல.
தம்பியின் கேன்வாஸ் ஷூ,
விரல் பக்கம் பேப்பர் அடைத்தது.
முதல் காற்றாலையிலிருந்து இரண்டாவது வரை
என்று நினைத்துக் கிளம்பினேன்.
பாதியில் கால் மடங்கிவிட்டது.
அந்த நாள் மருந்து ஒன்று
பாதத்தைத் தூக்கும் நரம்பை மெத்தனமாக்கியிருந்தது.
தாரில் நுனி இழுபட, சரக், சரக்.
அம்மா பின்னாலேயே வந்தாள்,
நைட்டிமேல் துண்டு, கையில் குளுக்கோஸ் தண்ணீர்.
"ஏட்டி, மெல்ல. ஏட்டி, போதும். ஏட்டி..."
மிச்சத்தைக் காற்று
ராதாபுரம் பக்கம் கொண்டுபோனது.

சொரிமுத்து, பக்கத்துக் கட்டில்காரன்,
முழங்காலுக்குக் கீழே ஒன்றை
ஆஸ்பத்திரியில் விட்டு வந்தவன்,
விக்கிரமசிங்கபுரத்திலிருந்து
நடந்த கணக்கை ராத்திரி அனுப்புவான்.
நாலாயிரம். ஐயாயிரம்.
ஒருநாள் திடுதிப்பென்று இருபத்திரண்டாயிரம்.
போனை வெள்ளாட்டின் கழுத்தில் கட்டியிருக்கிறான்.
கேட்டால்,
"ஆடும் நம்ம டீம்தான்" என்கிறான்.
பொய்க்காலைப் படித்துறையில் கழற்றி வைத்துவிட்டு
தாமிரபரணியில் அக்கரை தொட்டுத் திரும்புகிறானாம்.
"அத எவன் தூக்கிட்டுப் போவான்?
செருப்புன்னாத்தான் பயம்."

இன்று மூன்றாவது காற்றாலை.
தூணைத் தொட்டேன். உள்ளே ஏதோ உறுமியது.
திரும்பினால் அம்மாவைக் காணோம்.
தூரத்தில், ஓடைப் பாலத்துக் கட்டையில்,
நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

அப்போது ஓடியதை நான் எண்ணவில்லை.
காற்று முதுகில் இருந்தது.
கால் தூக்கியதா, இழுத்ததா, தெரியாது.

"ஒண்ணுமில்லட்டி. மூச்சு வாங்குது.
ஒனக்கு வாங்கலியா?"
"வாங்குதும்மா."
கொஞ்ச நேரம் இரண்டு பேரும்
வாங்கிக்கொண்டிருந்தோம்.
குளுக்கோஸ் தண்ணீரை அவள்தான் குடித்தாள்.

எழுந்தபோது பார்த்தேன்,
அவள் இடது செருப்பில் வார் அறுந்திருந்தது.
இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டேன்.
பழக்கம்.