வெள்ளைப் பின்னணி

தேரடி ஸ்டூடியோவில் பகலெல்லாம்
நான் சொல்வது நாலே வாக்கியம்:
தாடையை இறக்குங்க.
சிரிக்காதீங்க.
காது ரெண்டும் தெரியணும்.
கண்ணை மூடிட்டீங்க, இன்னொரு தடவை.

எர்ணாவூர் வீட்டுக்கு வந்தால்
இமையே இல்லாத ஒருத்தி
தண்ணி டிரம்மின் விளிம்பில் காத்திருக்கிறாள்.
அரிசிமணி உடம்பு.
முகத்தில் மட்டும் நாலு கண்,
மீதி நாலும் தலையைச் சுற்றி.
போனில் கிளிப் லென்ஸை மாட்டி
மூச்சடக்கிக் கிட்டே போனேன்,
குதித்து ஓடிவிடுவாள் என்று நினைத்தேன்.
திரும்பி நின்று என்னைப் பார்த்தாள்.
இரவில் படத்தைப் பெரிதாக்கினால்
நடுக்கண் இரண்டிலும் ஜன்னல்,
ஜன்னலில் கொடிக்கயிறு,
கயிற்றுக்கு முன்னால் கருப்பாக ஒரு பொட்டு.
அது நான்.
பாஸ்போர்ட் சைஸை விடச் சின்னதாக
என்னை யாரும் எடுத்ததில்லை.

பனி கோத்த வலையைத்தான் எல்லோரும் எடுப்பார்கள்.
எங்களுக்குப் பனி எங்கே,
அனல்மின் நிலையத்துச் சாம்பல்தான்.
காற்று இந்தப் பக்கம் திரும்பிய காலையில்
பெயிண்ட் டப்பா கற்பூரவள்ளிக்கும் குழாய்க்கும் நடுவே
இருந்ததே தெரியாத ஒரு வலை
இழை இழையாக எழுந்து நின்றது,
பென்சிலால் வரைந்த மாதிரி.
அழகு என்று சொல்ல வாய் வரவில்லை.
ஆனாலும் பதினேழு படம் எடுத்தேன்.
பிறகு காயப்போட்ட துணியையெல்லாம்
இருமிக்கொண்டே மறுபடி அலசினேன்.
அவள் வலையைச் சுருட்டி
சாம்பலோடு தின்றுவிட்டு
சாயங்காலம் புதிதாகக் கட்டினாள்.

வெள்ளையடிக்க ஆள் அனுப்பினார்
வீட்டுக்காரர் கன்னியப்பன்.
மீட்டர் பெட்டிக்குப் பின்னால்
உள்ளங்கை அகலத்துக்கு ஒருத்தி இருந்தாள்,
வயிற்றடியில் ஒற்றை ரூபாய் அளவு வெள்ளை வில்லை.
மூன்று வாரமாக அவள் எதையும் தின்றதை நான் பார்க்கவில்லை.
என் படங்களில் தேதி இருக்கிறது.
ஏணியில் ஏறிய டில்லிபாபு
"எட்டுக்கால் பூச்சிக்கா, நசுக்கிடவா?" என்றான்.
போனை நீட்டினேன்.
சுண்ணாம்பு விரலால் பெரிதாக்கிப் பார்த்தான்.
"முட்டையா?"
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
திரை முழுக்க அவன் ரேகை.
அப்புறம் மீட்டர் பெட்டியைச் சுற்றி
ஒரு சாண் விட்டு அடித்தான்.
கன்னியப்பன் கேட்டதற்கு
"அங்க கை வெச்சா ஷாக் அடிக்குது சார்" என்றான்.

இப்போது வீடு முழுக்க வெள்ளைப் பின்னணி,
அந்த ஒரு சாண் மட்டும் பழைய பச்சை.

நேற்று ராத்திரி கன்டெய்னர் லாரி ஒன்று
முனையில் பிரேக் அடித்துப் பெருமூச்சு விட
விழித்துப் பார்த்தேன்:
பச்சையிலிருந்து வெள்ளைக்கு
மிளகுத்தூள் நடந்து வந்துகொண்டிருந்தது.
நூற்றுப்பத்து வரை எண்ணினேன்,
நகர்ந்துவிட்டார்கள்.
போனை எடுத்தால்
இடமில்லை என்கிறது.
எதை அழிப்பது?
அக்கா மகன் கல்யாணத்தில் பதினோரு படம் இருந்தன.
எல்லாவற்றிலும் நான்
கண்ணை மூடியிருந்தேன்.