பதினேழு மில்லிமீட்டர்

முதல் வகுப்பில் எழுதிக்கொண்டது இவ்வளவுதான்:
தான் எது, பிற எது என்று பிரித்தறிவதே எதிர்ப்பாற்றல்.
கீழே இரண்டு கோடு.
நடுவில் மை தீர்ந்ததால்
பிரையனியிடம் வாங்கிய பேனாவில்
இரண்டாவது கோடு மட்டும் பச்சை.

டாஸ்மேனியாவின் வடமேற்குக் கரை. ஜூலை.
இன்னும் விடியாத ஆறு மணி.
குழாய்ப்பொறியைச் சாய்த்தால்
சாக்குக்குள் வழுக்கி விழுகிறது
ஒன்பது கிலோ உறுமல்.
பிசாசு என்று பெயர் வைத்தவர்கள்
இரவில் அதன் கத்தலைக் கேட்டவர்கள்,
இருட்டுச் சாக்குக்குள் அது நடுங்குவதை
மடியில் வைத்து உணர்ந்தவர்களல்ல.
கடற்பாசி வீச்சம் அடித்ததால் நாங்கள் இதற்கு
கெல்ப் என்று பெயர் வைத்தோம்.

இவற்றின் புற்று கடித்தால் தொற்றும்.
எப்போதோ மாண்டுபோன ஒரு பெண் பிசாசின் செல்
இன்னும் மாளவில்லை.
வாய்க்கு வாய், கன்னத்துக்குக் கன்னம்
குடிபெயர்ந்துகொண்டே இருக்கிறது.
ஒவ்வொரு செல்லும் உள்ளே சமைப்பதில்
ஒரு துணுக்கை வாசலில் வைத்தாக வேண்டும்;
ரோந்து வரும் டி செல் தடவிப் பார்த்துவிட்டுப் போகும்.
இதுவோ வாசலைத் துடைத்து, விளக்கை அணைத்து,
ஆளில்லாத வீடுபோல் படுத்துக்கொள்ளும்.

வண்டிக்குள் முகக்கவசத்தோடு பிரையனி.
குப்பிகளுக்குப் பெயரெழுதுவது அவள் வேலை,
விலங்கைத் தொட மருத்துவர் விடவில்லை.
அவள் அடிவயிற்றில், வலப்பக்கம்,
யாரென்று சொல்லப்படாத ஒருவரின் சிறுநீரகம்
நான்கு ஆண்டாய் உழைக்கிறது.
எதிர்கொள்ளல் என்ற ஒரே சொல்லைப்
படைக்கும் சொல்கிறோம், விருந்துக்கும்.
அவளுடைய வெள்ளணுக்களுக்கு
முதல் பொருள் மட்டும்தான் தெரியும்.
அதனால் காலை ஆறரைக்கு ஒரு மாத்திரை,
மாலை ஆறரைக்கு ஒன்று.
"என்னுடையவை ரொம்பக் கெட்டி. அதுதான் தொல்லை" என்பாள்.

கெல்ப்பின் இடது தாடையில் அளவியை வைக்கிறேன்.
பிப்ரவரியில் நாற்பத்திரண்டு.
இப்போது பதினேழு.
கையுறையைக் கழற்றி, விரலை ஊதிச் சூடாக்கி
மறுபடி வைக்கிறேன்.
பதினேழு.
"வேற விலங்குப்பா இது" என்கிறான் லாக்லன்.
தோலுக்கடியில் இருக்கும் சில்லின் எண்ணை
இரண்டு முறை படிக்கிறோம். அதேதான்.

உள்ளே ஏதோ ஒன்று
அந்த இருட்டு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது.
எது, எந்த இரவில், ஏன் இந்தக் கதவை மட்டும்?
பாடநூல் சட்டென்று
அடுத்த அத்தியாயத்துக்குத் தாவுகிற இடம் இது.

சன்னல் வழியே ரத்தக் குப்பியை நீட்டுகிறேன்.
பிரையனி அதை உள்விளக்கில் பிடித்துப் பார்க்கிறாள்.
"முழிச்சுக்கிச்சா?"
"தெரியல."
கைப்பேசி சிணுங்குகிறது.
கவசத்தை இறக்கி, மாத்திரையை விழுங்கி,
கவசத்தை ஏற்றி,
எழுதுகிறாள்: கெல்ப். ஆண். இடது தாடை. 17.
எண்ணைக் கொஞ்சம் அழுத்தி எழுதினாள் போலிருந்தது.

சாக்கின் வாயை விரித்தோம்.
கெல்ப் ஓடவில்லை.
லாக்லனின் பூட்ஸை முகர்ந்தது, தும்மியது,
பிறகு புல்லுக்குள் போயிற்று.

அன்றிரவு
பச்சைக் கோட்டுக்குக் கீழே சேர்த்தேன்,
பென்சிலால்:
பெரும்பாலும்.