கட்டத்தாள்

ஊசி போட்ட பன்னிரண்டாம் நாள் காலை
பதினோராம் எண் டிராமில் ஒரு ஒன்றைக் காணோம்.
பனிமூட்டமென்று கண்ணாடியைத் துடைத்தேன்.
துடைத்த கையில் சுண்டுவிரலும் இல்லை.

ரீகாவில் நவம்பர் எப்படியும் பாதிக் குருடு,
யாரும் சந்தேகப்படவில்லை.
நானேதான் போய்ச் சொன்னேன் டிப்போவில்.
சாவியை வாங்கி வைத்துக்கொண்டு
தொலைந்த பொருட்களின் அறையில் உட்கார வைத்தார்கள்.
ஒற்றைக் கையுறைகள் நூற்று நாற்பத்தொன்று.
மறுநாள் எண்ணினால் நூற்று நாற்பத்தாறு.

டாக்டர் ஸிர்னீட்டே விழித்திரையைப் படமெடுத்தார்:
சாம்பலில் ஒரு துளி, கூர்முனை நடுவை நோக்கி.
ஊசியாலா?
இருக்கலாம்.
இல்லாமலும்?
இருக்கலாம்.
படிவத்தில் மூன்று கட்டம், நடுக்கட்டத்தில் டிக் அடித்தார்.
அந்த நேர்மை பிடித்திருந்தது,
வீட்டுக்கு வந்து சேரும்வரை.

ஃபிரிட்ஜ் கதவில் அவர் தந்த கட்டத்தாள்.
தினமும் வலக்கண்ணைப் பொத்தி
நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும்,
கோடு எங்கே அறுகிறதோ அங்கே பென்சிலால் வரைய வேண்டும்.
முதல் நாள் அவரை விதை.
கிறிஸ்துமஸில் கோதுமை.

மாடிவீட்டு ஆல்ஃபோன்ஸ் தேன் ஜாடியோடு வந்தான்,
"அன்றே சொன்னேனே" என்று.
அவன் கூட்டத்துக்கு என் கண் வேண்டும், கொடியில் தைக்க.
அக்கா வெல்கா போனில் குரலைத் தாழ்த்தினாள்:
"வெளியே சொல்லித் தொலைக்காதே."
அவள் வார்டில் ஒரே குளிர்காலத்தில் பதினேழு கட்டில் காலி.
அவளுக்குப் பொய் வராது,
மெதுவாகப் பேசத்தான் வரும்.
அவனுக்கு அது சாட்சி, அவளுக்கு அது வதந்தி.
எனக்கு இடக்கண்.

அந்தப் பதினேழில் எங்கள் தம்பியும் உண்டு,
ஊசி ஊருக்கு வர ஆறு வாரம் இருக்கையில்.
படத்தில் அவன் காதைப் பார்த்தால் வாய் மறைகிறது.
காதைப் பார்க்காமலிருக்கப் பழகிக்கொண்டேன்.

மார்ச்சில் துளி ஒரு கமா அளவானது.
பிறகு சுருங்கவில்லை.
ஏப்ரலில் அடுத்த ஊசிக்குக் கடிதம்.
தேதியைப் படிக்கத் தலையைக் கொஞ்சம் சாய்க்க வேண்டியிருந்தது.
டாக்டர் இந்த முறை
"இருக்கலாம்" என்றுகூடச் சொல்லவில்லை,
நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
முடிவு என்னுடையது என்றால்
இப்படித்தான் உட்காருவார்கள் போல.

வலக்கையை நீட்டினேன்.
போன தடவை இடது என்றிருக்கிறதே என்றாள் நர்ஸ்.
"இடப்பக்கத்துக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது" என்றேன்.
சிரிக்கலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பதினைந்து நிமிடம் காத்திருக்கச் சொன்னார்கள்.
எதிர்ச்சுவர் முழுக்க வெள்ளை ஓடு, கட்டம் கட்டமாய்.
நடுவில் ஓர் ஆணித்துளை.

வலக்கண்ணைப் பொத்திக்கொண்டேன்.