சாட்சித் துளை

லெம்ஸ்டர் என்று சொன்னால் போதும்.
பலகையில் உள்ள மீதி எழுத்துகளை
இந்த ஊரார் விழுங்கிவிடுவார்கள்.
ஊர் தாண்டி, ஆப்பிள் தோட்டத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில்
எங்கள் விமானம் நிற்கிறது.
எங்கள் என்ற சொல்லை வக்கீல் இன்னும் அடிக்காத ஒரே இடம்.

வீடு விற்றாயிற்று. கார் அவனுக்கு.
தையல் மெஷினும் பூனையும் எனக்கு.
பதினொரு பெட்டிகளில் வந்திறங்கிய இதை மட்டும்
யாராலும் பாதியாக அறுக்க முடியவில்லை.
சனிக்கிழமை செல்வின். ஞாயிறு நான்.
பேச்சு, பழுப்பு டேப்பில், மார்க்கர் பேனாவால்:

இடது பெல்கிராங்க் மாட்டிவிட்டேன். முறுக்கவில்லை. செ.
முறுக்கிவிட்டேன். ஹெ.
பால் தீர்ந்துவிட்டது. செ.

இறக்கைக்குள் தோள்வரை கையை விட்டு
நீளக் குழாயை நூல் கட்டி இழுக்கிறேன்.
செயற்கைப் பல் செய்வது என் பிழைப்பு.
ஒரு மயிரிழை பிசகினாலும்
யாரோ ஒருவருக்கு முறுக்கு கடிக்க முடியாது.
பொறுமை உண்டு எனக்கு. ஆனால்
எந்த வாயும் இவ்வளவு இருட்டாய் இருந்ததில்லை.

குழாய் முனையில் கடுகளவு துளை.
சாட்சித் துளை என்கிறது கையேடு.
மெல்லிய கம்பியை நுழைத்துப் பார்க்க வேண்டும்:
தாராளமாய்ப் போனால் மரை ஆழம் போதாது,
என்றோ ஒருநாள் மேகத்துக்குள் கழன்றுவரும்.
முட்டி நின்றால் நல்ல சாட்சி.
எங்கள் வழக்கில் எல்லாச் சாட்சிகளும்
தாராளமாய் உள்ளே போனார்கள்.
இரண்டு சித்தப்பா, சபை மூப்பர், கீழ்வீட்டு மோனா.

இரவு ஒன்பதரை. உறையில் இருபத்திரண்டு வாஷர் என்று அச்சிட்டிருக்கிறது.
மாட்டியதும் மிச்சமும் சேர்த்தால் இருபத்தொன்று.
மறுபடி எண்ணினேன். இருபத்தொன்று.
வாலுக்குள் உருண்டிருந்தால்?
ஸ்டிக்கின் அடியில் போய்ச் சிக்கினால்?
காந்தத்துக்கு மசியாத எஃகு.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
அரை மணிநேரம் ஊர்ந்தேன்.
பிறகு ஐந்து மாதத்தில் முதல்முறையாக
அவனை அழைத்தேன்.

பைஜாமாவுக்கு மேல் கோட்டு.
ஒன்றும் கேட்கவில்லை.
வால் பக்கம் அவன், மூக்குப் பக்கம் நான்,
சுளகில் உளுந்து புடைப்பதுபோல் அசைத்துக் காது கொடுத்தோம்.
சத்தமே இல்லை.
அப்புறம் அவன் குனிந்து
இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு டேப்பை உரித்துக் கொடுத்தான்,
நான் படிக்காமல் விட்ட நேற்றைய வரி:
இதில் கீறல். போடாதே.
பசையில் ஒட்டிக்கொண்டு, இருபத்திரண்டாவது.

வந்தது வந்தாய், உட்கார், என்றேன்.
இதற்கு எப்படியும் இரண்டு பேர் வேண்டும்:
ஒருவர் ஸ்டிக்கை அசைக்க, ஒருவர் வெளியே நின்று பார்க்க.
கட்டைவிரலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான்.
விரல் சாயும் பக்கத்து எய்லரான் எழ வேண்டும்.

இடது, என்றான்.
கீழே, என்றேன்.
கீழேயா?
வலதும் கீழேதான்.
இரண்டு எய்லரானும் சேர்ந்து தலை குனிந்திருந்தன.

இடது பெல்கிராங்க்.
குழாயைத் தவறான கையில் பொருத்தியது அவன்.
பார்க்காமல் முறுக்கியது நான்.
அதைக் கொஞ்சநேரம் யாரும் சொல்லவில்லை.
பிறகு அவன் ஸ்பேனரைப் பிடிக்க
நான் நட்டைத் திருகி எடுத்தேன்.

ஒருமுறை கழற்றிய பூட்டு நட்டை மறுபடி போடக் கூடாது.
பக்கம் எழுபத்தொன்று.
அவன் வாய் திறப்பதற்குள்
இது நட்டைப் பற்றி, என்றேன்.
சிரித்தானா என்று தெரியவில்லை, இறக்கைக்கு அந்தப் பக்கம் இருந்தான்.

புதன்கிழமை ரோவெனா பிரீஸ் வருவாள், சோதித்துக் கையெழுத்திட.
இரண்டாவது ஆளும் தனியாகப் பார்த்து
அதற்குக் கீழே கையெழுத்திட வேண்டும்.
மறுபடி உட்கார்ந்தான்.
இடது.
மேலே.
வலது.
கீழே.
நடு.
நடு.

பால் இருக்கா, என்றான்.
இல்லை.
கடுந்தேநீர் போட்டேன்,
மூடிக் குவளை ஒன்று, நட்டு போட்டுவைக்கும் குவளை ஒன்று,
அதைத் துடைத்து.