எண்பத்தைந்தாம் நாள்

காக்கி புக்கிட்டில், ஏழாவது மாடியில்,
ஹோட்டல் படுக்கை விரிப்புகளை வெளுக்கிற கம்பெனியில்
சம்பளக் கணக்கு என் கையில்.
எக்செல்லில் ஜே பத்திக்கு ஒரே வேலை:
ஓர் ஆள் சேர்ந்து எத்தனை நாள் என்று சொல்வது.
எண்பதில் மஞ்சள்.
எண்பத்தைந்தில் சிவப்பு.
தற்காலிக ஆள் யாரையும்
தொண்ணூறில் அது பார்த்ததில்லை.

சிவப்பானதும் நான் ஃபோன் எடுப்பேன்.
"அக்கா, அடுத்த வாரம் ஆர்டர் கம்மி.
ரெண்டு வாரம் கழிச்சுக் கூப்பிடுறோம்."
ஆர்டர் கம்மியானதே இல்லை.
நான் அதைச் சொல்லும்போதே
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
தள்ளுவண்டிகள் வரிசையாக நின்று
ஈரம் சொட்டிக்கொண்டிருக்கும்.

மூன்று மாதம் தாண்டினால்
காய்ச்சலுக்குச் சம்பளம் தர வேண்டும்.
லீவு தர வேண்டும்.
தாண்டாமல் பார்த்துக்கொண்டால்
காய்ச்சல் அவரவர் சொந்தச் செலவு.
இதை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை.
மிஸ்டர் குவெக் பேனாவால் திரையைத் தட்டிக் காட்டினார்,
ஒரே ஒரு தடவை.
வண்ணம் போட்டது நான்.
அழகாக இருக்கிறது என்றார்.

தவமணி அக்காவுக்கு
இரண்டு வருடத்துக்குள் ஏழு பணி எண்கள்.
ஒவ்வொரு முறையும் புது ஆள்.
புது ஆளுக்குத் தீ விபத்து வழியைக் காட்ட வேண்டும், விதி.
காட்டுகிற பையனுக்கு
அந்த வழியைக் காட்டிக்கொடுத்ததே அவர்தான்.
படிவத்தில் 'முன் அனுபவம்' என்ற இடத்தில்
இல்லை என்று எழுதுவார், பேனாவை அழுத்தி.
"பழைய குருடி, கதவைத் திறடி"
என்று சொல்லிக்கொண்டே ரோலர் மெஷினுக்குப் போவார்.
மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை
கோடு கோடாகச் சூட்டுத் தழும்பு.
அவை மட்டும்
விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன.

பிப்ரவரியில் டெங்கி. எண்பத்திரண்டாம் நாள்.
எம்சியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்.
நான் ஒரு கட்டைவிரல் போட்டேன்.
அதற்குமேல் அந்தப் படத்தை வைக்க
என்னிடம் பத்தி இல்லை.

இந்த வாரம் புதுக் கடிதம்.
கம்பெனி கைமாறிவிட்டது. வாங்கியவர்களிடம்
ஹோட்டல்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்களாம்:
தற்காலிகம் என்று இனி யாரும் இருக்கக் கூடாது,
முதல் நாளிலிருந்தே எம்சி, லீவு, எல்லாம்.
ஆளுக்கொரு தாள்.
தாளில் ஒரு கோடு: பணியில் சேர்ந்த தேதி.

"இன்னைக்குத் தேதியைப் போடு" என்றார் குவெக்.
"எல்லாரும் புதுசா ஆரம்பிக்கட்டும். நல்லதுதானே?"

நல்லதுதான்.
தவமணி அக்காவுக்கு எட்டாவது புதுசு.

சாப்பாட்டு நேரத்தில் படிக்கட்டில் பிடித்துக் கேட்டேன்,
முதல்முதல் எப்ப வந்தீங்க, ஞாபகம் இருக்கா?
"ஏன் இல்லாம? லிஃப்ட் கெட்டுப்போன அன்னைக்கு.
நீயும் நானும்தானே ஏழு மாடியும் ஏறினோம்.
மாடிக்கு மாடி நின்னு
செருப்பைக் கழட்டிக் கழட்டிப் போட்டே, புதுச் செருப்பு.
பிளாஸ்டர் கொடுத்தேனே."

ஆமாம். பிளாஸ்டர்.
திரும்பி வந்து என் பெயரைத் தேடினேன்.
ஜே பத்தியில் எனக்கு அறுநூற்று அறுபத்தொன்று.
பச்சை. ஒரு நாளும் நிறம் மாறாதது.

அந்தத் தேதியை அவர் கோட்டில் போட்டேன்.
கையெழுத்திடும்போது குவெக் படிப்பதில்லை.
இந்த முறை படிப்பாரோ என்னவோ.
மீதி முப்பத்தொன்பது பேரின் பழைய படிவங்கள்
இரும்பு அலமாரியில்.
சாவி என் மேசையில்தான் கிடக்கிறது, எப்போதும்போல.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
தாளை முழுக்கப் படித்தார் தவமணி அக்கா.
"அப்ப பிப்ரவரி டெங்கிக்கு இப்பச் சம்பளம் வருமா?"
வராது என்றேன்.
"சரி" என்றார்.
"கொசுகிட்ட சொல்லிடறேன்,
இனிமே கடிச்சா பரவாயில்லைன்னு."